குழாயை நம்பாத தோட்டம்

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் நான் படித்த பாடசாலையின் முன்புறத்தில் சில வருடங்களுக்கு முன் மலேசியன் புல் பதித்தார்கள். ஒரு பெரிய விருந்தாளி வரப்போகிறார் என்பதற்காக அவசரமாகச் செய்த வேலை. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. விருந்தாளி வந்தார், படம் எடுத்தார்கள், போய்விட்டார். அது சித்திரை மாதம். ஆனி பிறந்ததும் கச்சான் அடிக்கத் தொடங்கியது. (எங்கள் நாட்டில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். நான் சொல்வது காற்றை.) ஆடி முடிவதற்குள் அந்தக் கம்பளம் தும்புத்தடி நிறத்துக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் காவல்கார அண்ணன் காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

ஒருநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தம்பி, நான் இங்க தண்ணி ஊத்துனா கீழ் லயத்துப் பீலி மெலிஞ்சி போவுது. பொம்பளைங்க ஏசுறாங்க. ஊத்தலன்னா பெரிய சேர் ஏசுறாரு. நான் யாருகிட்ட ஏச்சு வாங்குறது, நீங்களே சொல்லுங்க" என்றார். (வெளியூர் வாசகருக்கு: லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பீலி அவர்கள் தண்ணீர் பிடிக்கும் இடம், பெரிய சேர் எங்கள் அதிபர்.)

மலையகத்தில் இந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை. மேலே ஓர் ஊற்றுக்கண். அங்கிருந்து ஒரு குழாய் இறங்கி வருகிறது. பாடசாலைத் தொட்டியும் அதில்தான் நிறைகிறது. மிச்சம்தான் கீழே பீலிக்கரைக்குப் போகிறது. பூச்செடிக்கு ஊற்றும் தண்ணீரும் சோற்றுப்பானைக்குப் போகும் தண்ணீரும் ஒரே தண்ணீர். நகரத்தில் இருப்பவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் மாத முடிவில் பில் கூடும். இங்கே பில் வராது. வேறொரு வீட்டின் குடம்தான் காலியாகும்.

வறட்சியைத் தாங்கும் பொதுத் தோட்டம் என்று சொல்வது இந்தச் சிக்கலுக்கான வழியைத்தான். வேர் பிடிக்கும் வரை கொஞ்சம் கவனித்துவிட்டால், அதன்பின் மழையை மட்டும் வைத்துக்கொண்டு வாழக்கூடிய ஒரு நிலத்தோற்றத்தை அமைப்பது. பாடசாலை முன்றில், ஆஸ்பத்திரி வளவு, பஸ் நிலையத்து வட்டம், புகையிரத நிலையத்துப் பூப்பாத்தி, கோயில் வெளி, பிரதேச சபைப் பூங்கா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1981 இல் அமெரிக்காவின் டென்வர் நகர நீர் வழங்கல் நிறுவனம் இதற்கு ஸெரிஸ்கேப் என்று பெயர் வைத்தது. ஸெரோஸ் என்றால் கிரேக்கத்தில் உலர்ந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு மனதில் வருவது சரளைக் கல்லும் நாலு கள்ளிச்செடியும்தான். அது வேறொரு நாட்டின் படம். நம் மலைக்கு அது ஒத்துவராது, தேவையும் இல்லை.

மழையின் கணக்கு

"இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் வறட்சித் தோட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மலையின் கிழக்கே உள்ள ஊவாப் பக்கத்தில் காய்ந்த ஊர் என்று சொல்லப்படும் பண்டாரவளையிலேயே ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை விழுகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் போனால் 5,000 மில்லிமீற்றர் வரை. புல்வெளிகளுக்குப் பேர்போன லண்டனில் எவ்வளவு தெரியுமா? சுமார் 600. ஆனால் அந்த 600 வருடம் முழுக்கத் தூறலாகப் பிரிந்து விழுகிறது, வெயிலும் மெல்லியது. நமக்கு ஒரு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த இரண்டு மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. தோட்டத்துக்கு வருடக் கூட்டுத்தொகையால் ஒரு பயனும் இல்லை. இரண்டு மழைகளுக்கு நடுவே எத்தனை காய்ந்த நாள் என்பதைத்தான் வேர் பார்க்கும்.

அதிலும் மலையின் இரண்டு பக்கமும் ஒரே நாட்காட்டியில் இயங்குவதில்லை. பதுளை ரயிலில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனி ஆடியில் பட்டிப்பொலை வரை கண்ணாடியில் மழை வழியும். ஒகியாவுக்கு முன்னால் வரும் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தால் சில நாட்களில் வெயில் கண்ணைக் கூசும். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை அட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது சூடேறி, உலர்ந்து போய்விடுகிறது. அதுதான் கச்சான். இலையில் இருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போகும். ஆகவே ஊவாவின் நெருக்கடி ஆனி முதல் ஆவணி வரை. மேற்குப் பக்கத்தில் அப்போது சேறு. அவர்களுடைய காய்ந்த காலம் தை கடைசியில் இருந்து பங்குனி வரை. மவுசாக்கலை நீர்த்தேக்கம் நன்றாக வற்றிப் போகும் காலங்களில் தண்ணீருக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிய, சனங்கள் பார்க்கப் போவார்கள்.

இதோடு அவ்வப்போது நாடு முழுவதையும் பிடிக்கும் பெரிய வறட்சிகள் வேறு. 2016, 2017 இல் வந்தது நாற்பது வருடங்களில் மோசமானது என்று சொல்லப்பட்டது. பண்டாரவளைக்காரர்களுக்கு அதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2014 இறுதியில் உமா ஓயா நீர்த்திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாயத் தொடங்கிய பிறகு, சுற்று வட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. தண்ணீர்ப் பவுசருக்காகக் கான் போத்தல்களோடு வரிசையில் நின்றவர்கள் அதன்பின் ஹோஸ் பிடித்துப் பூவுக்குத் தண்ணீர் விடுகிறவரை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள்.

புல்வெளி குடிக்கும் தண்ணீர்

ஒரு சின்னக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் அது ஒரு லீற்றர். வெயிலும் காற்றும் உள்ள நாளில் பச்சையாக நிற்கும் புல்வெளி 3 முதல் 5 மில்லிமீற்றர் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுக்கிறது. நடுவாக 4 என்று வைப்போம். 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம் உள்ள முன்றில் 200 சதுர மீற்றர். அப்படியானால் ஒரு நாளைக்கு 800 லீற்றர். பாடசாலையில் 5,000 லீற்றர் தொட்டி ஒன்று இருந்தால் அந்தப் புல் ஆறு நாளில் குடித்து முடித்துவிடும்.

அதே 5,000 லீற்றரை வேறு மாதிரிச் செலவழித்துப் பாருங்கள். அந்த முன்றிலில் புல்லுக்குப் பதிலாக 100 செடிகள், அடியில் மண்ணை மூடும் இலைதழை, அதாவது மூடுபடை. நட்ட முதல் வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு ஒருமுறை 4 லீற்றர். மொத்தம் கிழமைக்கு 400. தொட்டி 12 கிழமை தாங்கும். அதாவது கச்சான் காலம் முழுவதும். இரண்டாவது வருடத்தில் பெரும்பாலான செடிகளுக்கு அதுவும் தேவைப்படாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்தது.

பிறகு ஏன் எல்லோரும் புல்வெளிக்கே ஆசைப்படுகிறார்கள்? பழக்கம்தான். நுவரெலியாவைக் குட்டி இங்கிலாந்து ஆக்கியவர்கள் தங்கள் ஊர் மூடுபனியில் தானாக வளர்ந்த புல்லை இங்கேயும் பார்க்க விரும்பினார்கள். விக்டோரியா ராணி அரியணை ஏறிய 60 ஆம் ஆண்டு, அதாவது 1897, நினைவாகப் பெயரிட்ட பூங்கா இன்னும் நகரின் நடுவில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக்களின் முன்னால் புல் வெட்டியவர்கள் நம் பாட்டன்மார்தான். மதிப்பான இடம் என்றால் முன்னால் புல்வெளி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில், குளிரிலும் மூடுபனியிலும் அது ஓரளவு சமாளிக்கிறது. பண்டாரவளை 1,230 மீற்றர், பதுளை 680. இறங்க இறங்க அந்த ஆசைக்கு விலை கூடுகிறது.

புல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்குப் புல்தான் வேண்டும். விழுந்தால் முழங்கால் தப்பும். யாரும் காலே வைக்காத, பார்வைக்கு மட்டும் உள்ள புல்லைத்தான் கேள்வி கேட்க வேண்டும். புல் வேண்டிய இடத்துக்கும் நம் வீட்டுப் பிள்ளையாரைக் கேட்டால் வழி சொல்வார். அறுகம்புல் மழை நின்றால் பழுத்துக் கிடக்கும், செத்துப் போகாது. முதல் மழைக்கு மறுபடி தளிர்க்கும். இரண்டு மாதம் பழுப்பாக இருப்பதைச் சகித்துக்கொள்ள நாம்தான் பழக வேண்டும்.

இன்னொரு பக்கம், புல் தொல்லையே வேண்டாம் என்று முழு வளவுக்கும் இன்டர்லொக் கல் பதித்துவிடுகிறார்கள். எனக்கு இது புல்லைவிட மோசமாகத் தெரிகிறது. மழை மொத்தமும் வாய்க்கால் வழியே ஓடிவிடும், வெயிலில் கல் கொதிக்கும், பக்கத்தில் நிற்கும் மரம் தாகத்தில் காயும்.

சரிவில் ஓடுகிற தண்ணீர்

சமதரையில் இருப்பவர்கள் எழுதிய தோட்டக் குறிப்புகளில் "மழைநீரைக் குழி வெட்டித் தேக்குங்கள்" என்று இருக்கும். மலையில் அதை அப்படியே செய்யக் கூடாது. மண்ணுக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் இறங்கினால் சரிவு கனத்துப் போகும், பிடிப்பு தளரும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. எனவே செங்குத்தான சரிவிலும், வெட்டிய மண்மேட்டின் உச்சியிலும், கட்டடத்தின் பின்பக்கத்து மண் அணைக்கு மேலேயும் தண்ணீர் தேங்கும் குழி, குட்டை எதுவும் வேண்டாம். நிரம்பிய தொட்டிகூட ஒரு பாரம்தான். 5,000 லீற்றர் என்றால் ஐந்து தொன். அதையும் சரிவின் விளிம்பில் வைக்கக் கூடாது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்துபோன மரங்கள், புதிதாகக் கசியும் கலங்கல் ஊற்று இவை தெரிந்தால் தோட்ட வேலையை நிறுத்திவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். மண்சரிவு அபாய வரைபடங்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

சரி, தேக்கவும் கூடாது, ஓடவிடவும் கூடாது என்றால் என்ன செய்வது? ஓடுகிற தண்ணீரை நடக்க வைக்க வேண்டும். இதைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை மலையில் கான், அதாவது வாய்க்கால், வெட்டுவது இதே வேலைதான். சரிவுக்குக் குறுக்கே, மிக மெல்லிய இறக்கத்தோடு கான் போகும். இடையிடையே சின்னத் தடுப்பு இருக்கும். அடித்து வரும் மண் அங்கே தங்கிவிடும்; தண்ணீர் வேகம் குறைந்து பாதுகாப்பான ஓடைக்குப் போய்ச் சேரும். பாடசாலை வளவிலும் இதன் சிறிய வடிவம் போதும்.

மட்டக் கோடு பிடிக்க நில அளவையாளரைத் தேட வேண்டாம். இரண்டு நேரான கம்புகளை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை போடுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கட்டையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு கால்கள் இருந்த இரண்டு இடத்திலும் ஆப்பு அடித்து, சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த இடத்தில் வலது காலை வையுங்கள். இப்போது கயிறு தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மட்டம். இனி கயிறு அந்த நடுக்கோட்டில் நிற்கும்படி ஒரு காலை வைத்து மறுகாலைத் தேடி நகர்ந்தால், சரிவில் ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகள் கிடைத்துக்கொண்டே போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாட நேரத்தில் செய்துவிடுவார்கள். மேலே ஏறிப் பார்க்கும்போது அந்தக் கோடு நினைத்ததைவிட எவ்வளவு வளைந்து போகிறது என்பது அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அந்தக் கோட்டின் மேல் என்ன நடுவது? வெட்டிவேர் முதல் தெரிவு. அதன் வேர் பக்கவாட்டில் அலையாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் இரண்டு, மூன்று மீற்றர் வரை போகும். நெருக்கமாக நட்டால் சீப்பு மாதிரி மண்ணை வடிகட்டித் தண்ணீரை மட்டும் விடும். இன்னொன்று மானாப் புல். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுமுன், களைத்துப்போன மண்ணைத் தேற்ற ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்ப்பது தோட்டத்து வழக்கம். அந்த அளவுக்கு அதன் வேர் மண்ணுக்கு நல்லது.

மண்ணுக்கு ஒரு போர்வை

தண்ணீரை மிச்சப்படுத்தும் வழிகளில் செலவே இல்லாதது மூடுபடை. தமிழ்நாட்டில் மூடாக்கு என்பார்கள். வெறும் மண்ணை வெயில் நேரே அடிக்காமல் இலை, புல், தழை எதையாவது போட்டு மூடிவிடுவது, அவ்வளவுதான். ஈரம் நிற்கும், களை குறையும், மழைத்துளி மண்ணை அறைந்து கரைப்பது நிற்கும், கடைசியில் மக்கிப் பசளையும் ஆகும். நாலு விரல் உயரம் வேண்டும். செடியின் அடித்தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்து பார்த்தவருக்கு இது தெரிந்த காட்சி. வெட்டிய இலையும் கிளையும் அப்படியே தரையில் கிடக்கும். அதனடியில் கையை விட்டால் வெயில் காலத்திலும் குளிர்ச்சி. ஆனால் பாடசாலைத் தோட்டத்துக்கு மிலாறு, அதாவது கவ்வாத்தில் விழும் கிளைகள், வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது லயத்து அடுப்பின் விறகு. சண்டை வரும், வரத்தான் வேண்டும். அதற்குப் பதில் ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தி தாராளமாக இருக்கிறது. யாரும் உரிமை கொண்டாடாத செடி. பூ விதையாகுமுன் வெட்டிப் போட்டால் சீக்கிரம் மக்கும். சவுக்கு மரத்தின் உதிர்ந்த இலை நீண்டநாள் நிற்கும். (தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு: எங்கள் சவுக்கு கடற்கரைச் சவுக்கு இல்லை, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்.) அறுத்த மானாவும் நல்லது.

பைன் மரத்து ஊசியிலையையும் டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) இலையையும் மட்டும் பொது இடத்தில் உலர்வாகப் பரப்ப வேண்டாம். கச்சான் காலத்தில் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் தீ எப்படிப் பரவுகிறது என்று பார்த்திருக்கிறோம். ஒரு பீடித் துண்டு போதும்.

இலைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. நம் பாடசாலைகளில் காலையில் வகுப்புக்கு முன் வளவு கூட்டுகிறோம். ஓர் இலை விடாமல் கூட்டி, குவித்து, எரித்துவிட்டு, அதே மண்ணுக்குப் பின்னேரம் தண்ணீர் ஊற்றுகிறோம். கூட்டுவதை நிறுத்த வேண்டாம். குவியலைத் தீயிடம் கொடுக்காமல் செடியின் காலடியில் கொடுத்தால் போதும்.

யாருக்கு எவ்வளவு தாகம்

செடி தெரிவில் எல்லோரும் நேரே நாற்றுமேடைக்குப் போய், பூத்திருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். அதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஆவணியிலும் பச்சையாக நிற்பது எது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். மயானத்து வேலி, ரயில் பாதையோரம், பாழடைந்த பங்களா வளவு. அங்கே உயிரோடு இருப்பதுதான் உங்கள் பட்டியல்.

பதுளை, பசறை மாதிரி இறக்கமான பக்கங்களுக்கு நெல்லி அருமையான மரம். ஊவாவின் பிபிலைப் பக்கத்துப் புல்வெளிக் காடுகளில் நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் வறட்சியையும் தீயையும் தாங்கித் தானாக வளர்கின்றன. திரிபலா சூரணத்தின் மூன்று சரக்கும் ஒரே காட்டில். ஆஸ்பத்திரி வளவுக்கு இதைவிடப் பொருத்தமான நிழல் இருக்குமா என்று எனக்குத் தோன்றும். பண்டாரவளை உயரம் வரை போகன்விலா, செவ்வரத்தை, நித்தியகல்யாணி, கற்றாழை எல்லாம் அதிகம் கேட்காமல் வாழும். நுவரெலியாவில் கதை மாறும். தையில் விடியற்காலை உறைபனி போகன்விலாவைக் கருக்கிவிடும். அங்கே ஜெரேனியம், அகபாந்தஸ், ரோஸ்மேரி சரிவரும். ஹோட்டன் சமவெளிப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் மகரத்மல், அதாவது ரோடோடென்ட்ரன், தடித்த பட்டையோடு காற்றையும் வறட்சியையும் தாங்குகிற அந்த மலையின் சொந்த மரம்.

ஹைட்ரேஞ்சியாவைப் பற்றி ஒரு வார்த்தை. மலையகத்துப் பூ என்றாலே அந்த நீலக் குஞ்சம்தான் நினைவுக்கு வரும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பெரிய இலை, பெரும் தாகம். மத்தியான வெயிலில் முதலில் தலை தொங்குவது அதுதான். வேண்டுமென்றால் கூரைத் தண்ணீர் விழும் நிழல் மூலையில் நாலு செடி வையுங்கள். இதுதான் தாகத்தின்படி பிரிப்பது. கல்யாண வீட்டில் பந்தி பிரிக்கிற மாதிரி, நிறையக் குடிப்பவர்களைக் குழாய்க்கும் பீலிக்கும் பக்கத்தில் ஒன்றாக, நடுத்தரக்காரர்களைக் கட்டடத்தின் நிழலோரம், குடிக்காதவர்களைத் தூரத்து வெயிலில். மூன்றையும் கலந்து நட்டால் ஒரு செடிக்காகப் பாத்தி முழுவதையும் நனைக்க வேண்டி வரும்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. நாயுண்ணி வறட்சியை அழகாகத் தாங்கும், பூவும் நிறமாக இருக்கும்; ஆனால் பறவை விதையைக் கொண்டுபோய்க் காட்டில் போட்டால் அங்கே அதுதான் ராஜா. அரளி தண்ணீர் கேட்காது, ஆனால் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள இடத்தில் வேண்டாம். டர்பன்டைன் மரத்தை ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் ஒருபோதும் நடாதீர்கள். வேகமாக வளரும் மரம் வேகமாகக் குடிக்கும். ஊற்றைச் சுற்றி ஏற்கனவே நிற்கும் பழைய மரங்களை அப்படியே விடுவதுதான் நல்லது.

நடுகிற நாளும் ஊற்றுகிற அளவும்

பொது இடங்களில் மரக்கன்று நடுவது பெரும்பாலும் ஏதாவது விழா நாளில். விழா ஆனி மாதம் வந்தால் ஊவாவில் அந்தக் கன்றுக்கு ஆயுள் ஒரு மாதம். ஊவாப் பக்கம் ஐப்பசி மழை தொடங்கியதும் நட வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை வேர் இறங்க நேரம் கிடைக்கும். அட்டன், நுவரெலியாப் பக்கம் வைகாசி. விழாவை மாற்ற முடியாது என்றால் பேச்சை அன்றைக்கு வைத்துக்கொண்டு நடுவதை மழைக்குத் தள்ளிப் போடலாம். கன்று கோபித்துக்கொள்ளாது.

குழி வெட்டியதும் நடாமல், அதில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அரை மணியில் வடிந்தால் கூட்டெரு நிறையச் சேர்க்க வேண்டிய மண். மறுநாளும் நின்றால் களி. இடத்தை மாற்றுங்கள் அல்லது மேட்டில் நடுங்கள்.

முதல் வறட்சிக்கு மட்டும் தண்ணீர் வேண்டும். அதையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே சோம்பேறியாகப் படுத்துவிடும். "அகல உழுவதை விட ஆழ உழு" என்பது ஏருக்கு மட்டும் சொன்னதில்லை போலும். கிழமைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். ஊற்றுமுன் மூடுபடையை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணுவில் ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், மண் கேட்கிற அளவுக்கு மட்டும் கசிந்து கொடுக்கும். பழைய முறைதான், இப்போது பானைதான் கிடைப்பதில்லை. அடியில் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் போத்தல் கொஞ்சம் ஈடு செய்யும்.

அந்தத் தண்ணீரும் கூரையிலிருந்து வரட்டும். 30 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம் உள்ள வகுப்பறைக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 6,000 லீற்றர். சிந்தியது போகவும் 5,000 லீற்றர் தொட்டியை நிரப்ப ஒரு நல்ல பின்னேர மழை போதும். மழைநீர்ச் சேகரிப்புக்கு நாட்டில் 2005 இலேயே தேசியக் கொள்கை வந்துவிட்டது. தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வலையும் மட்டும் மறக்காதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது மாளிகை.

எங்கள் பாடசாலையில் மலேசியன் புல் செத்த இடம் ஒரு வருடம் வெறும் மண்ணாகவே கிடந்தது. அடுத்த ஐப்பசியில் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து மேல்வரம்பில் வெட்டிவேர், கட்டடத்தோரம் செவ்வரத்தை, வெயில் பக்கம் இரண்டு நெல்லி என்று நட்டோம். பிள்ளைகள் குறுக்கே ஓடிப் போகிற வழியைத் தடுக்காமல் அதிலேயே இடைவெளி விட்டுக் கல் பதித்தோம். பெரிய சேருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றியாவது கொஞ்சம் பச்சை வேண்டும் என்றார். சரி என்று ஒரு பாய் அகலத்துக்கு அறுகு பதித்தோம். போன ஆடியில் போனபோது காவல்கார அண்ணன் கை கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஹோஸ் எங்கே என்று கேட்டேன். "அத கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கழுவ வாங்கிட்டுப் போனாங்க தம்பி. இன்னும் கொண்டாந்து குடுக்கல. நானும் கேக்கல" என்றார்.